பொட்டு வைத்த லேத்

கராஜ் கதவு தரையைத் தொட்டபோது லக்ஷன் சொன்ன முதல் சொல்லை அச்சில் போட முடியாது. இரண்டாவது சொல் பிரெஞ்சு. அதையும் போட முடியாது. மூன்றாவதாகத்தான் தமிழுக்கு வந்தான்.

"அக்கா, வெளியில போக வேற வழி இருக்கோ?"

"இருக்கு. அந்தப் பக்கம் ஒரு சின்னக் கதவு," என்றாள் அனுப்ரியா. "வெளிய பூட்டு தொங்குது. சாவி சிவநேசம் அம்மாகிட்ட."

"அதுக்கு இல்லையெண்டே சொல்லியிருக்கலாம்."

"உன் மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு பார்த்தேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு வேன் வந்து, உறுமி, அடங்கியது. கதவின் அடி ரப்பர் இடுக்கில் தெரிந்த வெளிச்சக் கோடு அணைந்துபோகும் அளவுக்கு நெருங்கி நின்றது. இனிக் கதவைத் திறந்தாலும் வேனின் மூக்கு உள்ளே வருமே தவிர, இவர்கள் வெளியே போக முடியாது.

லக்ஷனின் ஃபோன் நடுங்கியது. வீட்டுக்காரர் மகள் வினோஜா எழுதியிருந்தாள்: ‘அப்பா பாதி வழியில திரும்பி வந்திட்டார். சத்தம் போடாதேங்கோ.’

லக்ஷன் மொன்றியலிலேயே பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் துறைக்குத் துறை தாவிக்கொண்டிருந்தவனுக்கு, விண்ணப்பிக்காமலே கிடைத்த ஒரே வேலை அனுப்ரியாவின் உதவியாளர் வேலை. அனுப்ரியா கோயம்புத்தூரிலிருந்து மென்பொருள் சோதிக்க வந்து, பிறர் செய்த பிழைகளைக் கண்டுபிடிப்பதிலேயே ருசி கண்டு, துப்பறிவாளர் உரிமம் எடுத்தவள். இரண்டு வேலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பாள். மென்பொருளின் சொந்தக்காரர்கள் வேனோடு வந்து வழியை அடைப்பதில்லை, அவ்வளவுதான்.

அவர்கள் மாட்டியிருந்தது கார்ட்டியர்வில் பக்கத்தில் ஒரு வீட்டின் கராஜ். அதற்குள் கார் கிடையாது. கார் நிற்க வேண்டிய இடத்தில் இரும்பு கடையும் பழைய லேத் ஒன்று நின்றது. வீட்டுக்காரர் யோகேந்திரன் விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில் காலமெல்லாம் லேத் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு பொழுதுபோக்காக என்ன செய்யலாம் என்று தீவிரமாக யோசித்து, ஒரு லேத் வாங்கினார்.

தொழிற்சாலையில் பிறந்த அந்த லேத் வீட்டுக் கரன்டில் ஓடாது. அதன் மோட்டருக்குத் தொழிற்சாலைகளுக்கு வரும் மூன்று பேஸ் கரன்ட் வேண்டும். வினோஜாவைக் கல்யாணம் செய்யவிருந்த டனிஸ்ரன் எலெக்ட்ரீஷியன். வருங்கால மாமனாரைக் குளிர்விக்க ஒரு ‘டிரைவ்’ வாங்கிவந்து பூட்டிக் கொடுத்தான். வீட்டுக் கரன்டை உள்ளே வாங்கி, மூன்று பேஸாக மாற்றி மோட்டருக்கு ஊட்டும் பெட்டி அது. ஒரு குமிழைத் திருகினால் லேத் ஆமையாகும். மறுபக்கம் திருகினால் குதிரையாகும். முன்னே ஓட, பின்னே ஓட, நிற்க என்று ஒரு கைச்சுவிட்சும் வைத்தான். ஒரு நல்ல சட்டைத் துணியோடு நிறுத்தியிருக்கலாம் என்று இப்போது அவனே சொல்கிறான்.

ஏனென்றால் சரஸ்வதி பூசை வந்தது. அந்த வீட்டில் அன்று கருவி எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. மறுநாள் விடியும்வரை எதையும் தொடக்கூடாது. இது யோகேந்திரனின் மனைவி சிவநேசத்தின் சட்டம். லேத்துக்கும் பொட்டு வைத்தார். மறுநாள் காலை யோகேந்திரன் கராஜைத் திறந்தபோது, லேத்தின் சக் தரையில் கிடந்தது. சக் என்பது கடைய வேண்டிய பொருளைக் கவ்விப் பிடித்துச் சுற்றுகிற கனத்த இரும்புத் தலை. அது விழுந்த இடத்தில் சிமெந்து பெயர்ந்திருந்தது.

யாரும் தொடவில்லை. இரவில் காற்றில் கொஞ்ச நேரம் கரன்ட் போய் வந்திருந்தது. ஆகவே, கரன்ட் திரும்பியதும் மெஷின் தானாக ஓடியிருக்கிறது, ஆகவே டனிஸ்ரனின் வேலை பிழை என்றார் யோகேந்திரன். இந்த வாரம் முழுக்க அதையே உரக்கச் சொன்னார். நாளை ஞாயிறு வினோஜாவுக்கும் டனிஸ்ரனுக்கும் எழுத்து, அதாவது திருமணப் பதிவு. இன்று பின்னேரம் மண்டபத்துக்கு ஃபோன் செய்து நிறுத்தப் போகிறார். திங்கட்கிழமை, டனிஸ்ரனின் தொழில் உரிம அட்டையைப் பறிக்கச் சொல்லி முறைப்பாடு. அதுவரை கராஜுக்குள் யாரும் கால் வைக்கக்கூடாது.

அதனால்தான் வினோஜா தன்னிடமிருந்த ரிமோட்டால் கதவைத் திறந்து இவர்களை உள்ளே விட்டுவிட்டு, ரிமோட்டையும் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள்.

"பின்னேரம் எண்டா எத்தினை மணிக்கு?" லக்ஷன் கிசுகிசுத்தான்.

"அவருக்குக் கோவம் வர்ற மணிக்கு. அதுக்குள்ள இந்த மெஷினை யார் ஓட்டினாங்கன்னு தெரியணும். வா."

"வாறதுக்கு என்ன அக்கா, எங்கையும் போகேலாதுதானே."

*

பக்கக் கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம். கிடைத்த வெளிச்சம் அதன் வழியாக வந்ததுதான். அக்டோபர் குளிர் சிமெந்துத் தரையிலிருந்து காலணிக்குள் ஏறியது. கீழே குப்புறக் கிடந்த சக்கை லக்ஷன் தூக்கிப் பார்த்தான். அது அசைந்தது, அவன் முதுகும் அசைந்தது. முதுகில்தான் சத்தம் வந்தது.

"கைச்சுவிட்ச் எங்க இருக்கு பார்," என்றாள் அனுப்ரியா.

"நடுவில. ஓஃப்பில."

"நேத்து அங்கிள் என்ன சொன்னார்?"

நேற்று இருவரும் வினோஜாவின் சிநேகிதர்கள் என்ற பெயரில் வந்து, தேத்தண்ணி குடித்து, ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். லக்ஷன் யோகேந்திரனின் குரலை எடுத்தான். "‘நான் ஒண்டிலயும் கை வைக்கேல்லைத் தம்பி. கண்டது கண்டபடி இழுத்துப் பூட்டிப்போட்டு வந்திட்டன்.’"

"அப்ப தானா ஓடின மெஷின், தானா சுவிட்சையும் ஆஃப் பண்ணிக்கிச்சு?"

"நல்லா வளத்திருக்கினம்."

அனுப்ரியா சுவரிலிருந்த மெயினை இறக்கினாள். டிரைவின் குட்டித் திரை இருண்டது. கைச்சுவிட்சை ஓடும் பக்கம் தள்ளினாள். பிறகு மெயினை மறுபடி ஏற்றக் கையை உயர்த்தினாள். இரவில் கரன்ட் போய் வந்ததை அப்படியே நடித்துப் பார்க்கும் ஏற்பாடு. லக்ஷன் கடமை உணர்வோடு மூலையிலிருந்த வேன் ரயர் அடுக்குக்குப் பின்னால் போய் நின்றான்.

மெயின் ஏறியது. திரை விழித்தது. லேத் அசையவில்லை.

"ஆஃபுக்கு வந்து மறுபடி போட்டாத்தான் ஓடும். டனிஸ்ரன் சரியாத்தான் செட் பண்ணியிருக்கான்."

"அங்கிள் ஒத்துக்கொள்ளமாட்டார் அக்கா. பிழையா வைச்சிட்டு, பேந்து களவா வந்து திருத்திட்டான் எண்டுவார்."

"அதனாலதான் ஓட்டின ஆள் யாருன்னு தெரியணும்." அவள் லேத்தின் வெறுந்தண்டைத் தொட்டுக் காட்டினாள். சக் இருந்த இடத்தில் போத்தல் கழுத்தைப்போல மரைகள் ஓடின. "இது திருகி மாட்டுற சக். முன்பக்கமா ஓடினா தன்னைத்தானே இறுக்கிக்கும். கழறணும்னா ரெண்டு விஷயம் நடக்கணும். பின்பக்கமா ஓடணும். ஓடும்போது யாராவது எதையாவது அதுமேல அழுத்திப் பிடிக்கணும்."

"ஏன் ஒராள் பின்பக்கமா ஓட விடோணும்?"

அனுப்ரியா ஃபோன் விளக்கைப் பின்சுவரில் அடித்தாள். லேத்துக்குப் பின்னால், தோள் உயரத்திலிருந்து கூரைவரை வெள்ளையும் மஞ்சளுமாகப் பொட்டுப் பொட்டாகத் தெறித்திருந்தது. ஓர் ஓட்டத்தில் வீசிய கோலம்.

"சந்தனம்," என்றான் லக்ஷன். "பொட்டோட ஓட விட்டிருக்கினம். முன்னுக்குச் சுத்தினா நிக்கிற ஆளின்ர முகத்தில தெறிக்கும். பின்னுக்குச் சுத்தினா சுவரில."

"ஒரு பொட்டு சந்தனம் இவ்வளவு சுவருக்கு வருமா?"

"எங்கட ஆக்கள் பொட்டு வைச்சா வைச்சதுதான் அக்கா."

லக்ஷன் கைச்சுவிட்சைப் பின்பக்கம் தள்ளி, குமிழை ஆகக் குறைந்த வேகத்தில் வைத்தான். வெறுந்தண்டு அம்மிக்குழவி மாதிரி மெல்லச் சுழலத் தொடங்கியது. சத்தம் என்று பெரிதாக இல்லை. ஒரு மெல்லிய கீச்சு மட்டும்.

"காதுக்குள்ள நுளம்பு போன மாதிரி இருக்கு," என்றான்.

"எனக்கு லேசாத்தான் கேக்குது."

"வயசு, அக்கா."

அவள் திட்ட வாயெடுத்தபோது ஃபோன் மறுபடி நடுங்கியது. ‘அப்பா வேனுக்கு வின்ரர் ரயர் மாத்தப் போறாராம். ஜாக் கராஜுக்குள்ள. எடுக்க வாறார்.’

லக்ஷன் குனிந்து பார்த்தான். ஜாக் அவன் காலுக்குப் பக்கத்தில் இருந்தது. வின்ரர் ரயர்கள், அவன் ஒளிந்திருந்த அடுக்கு.

"அக்கா, எங்களைத் தவிர அவருக்குத் தேவையான எல்லாம் இஞ்சை இருக்கு."

வெளியே சரளைக்கல் நெரிந்தது. ஒளிய இடமில்லை. லேத்தின் கால்கள் மெலிந்தவை, அலுமாரி ஒன்றுகூட இல்லை, இருந்த ஒரே பெரிய பெட்டிக்குள் கிறிஸ்மஸ் மரம் இருந்தது. லக்ஷன் அந்த மரத்தோடு ஒரு கணம் பேச்சுவார்த்தை நடத்திப் பார்த்தான். இருவரும் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள்.

ரிமோட் பொத்தான் சொடுக்கும் சத்தம், தகரக் கதவுக்கு அந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.

கதவு அசையவில்லை.

மறுபடி சொடுக்கு. மறுபடி. பிறகு உள்ளங்கையில் ரிமோட்டை அடிக்கும் சத்தம்.

"பற்றரி போட்டு இன்னும் ரெண்டு கிழமை ஆகேல்லை! நேசம்! இஞ்சேர், நேசம்! பக்கக் கதவுத் திறப்பைக் கொண்டு வா!"

சாவியைத் தேடி, காலடி வீட்டுப் பக்கம் நடந்தது.

*

லக்ஷனுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. "முருகன் இருக்கிறார் அக்கா."

அனுப்ரியா அவனைப் பார்க்கவில்லை. தன் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தாள். பிறகு அதை அழுத்தினாள்.

"அக்கா! என்ன செய்யிறீங்கள்!"

ஒன்றும் நடக்கவில்லை. லேத்தை நிறுத்தினாள். மறுபடி அழுத்தினாள். கூரையில் கதவு மோட்டர் உறுமி, கதவு ஒரு விரல்கடை எழும்பியது. அவசரமாக அழுத்தி நிறுத்தி, கீழே இறக்கினாள். லேத்தை ஓட விட்டாள். ரிமோட்டை அழுத்தினாள். கதவு செத்துக் கிடந்தது.

"டிரைவ் ஓடும்போது ரேடியோ இரைச்சல் கிளப்புது. அந்த இரைச்சல்ல ரிமோட் சொல்றது கதவுக்குக் கேக்கலை. லேத் நின்னா கதவு பேச்சைக் கேக்கும்."

"இது இந்த வீட்டில ஒருத்தருக்கும் தெரியாதோ?"

"எப்படித் தெரியும்? லேத் ஓடினா அங்கிள் உள்ள இருப்பார். உள்ள இருக்கறவர் எதுக்கு வெளிய நின்னு ரிமோட்டை அழுத்தறார்?" அவள் குரல் தாழ்ந்தது. கண்கள் மட்டும் பெரிதாயின. "நேத்து ரோல்ஸ் சாப்பிடும்போது அவர் எதைப் பத்தி ரொம்ப நேரம் புலம்பினார்?"

"பார்க்கிங் ரிக்கற். பூசை அண்டைக்கு ஜான்-டலோன் சந்தைக்குப் போய்ப் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு வந்தவராம். சாமானைக் கராஜுக்குள்ள இறக்குவம் எண்டா றிமோட் வேலை செய்யேல்லையாம். அதோட மல்லுக்கட்டி முடியுமட்டும் வேன் ரோட்டிலயே நிண்டதாம். தெருக் கூட்டுற நேரமாம். ரிக்கற் வைச்சிட்டாங்களாம். உடன கடைக்குப் போய்ப் பற்றரி..." லக்ஷன் நின்றான். வாய் திறந்தபடி இருந்தது. அவன் வாய் வெறுமனே திறந்திருப்பது அபூர்வம்.

"மத்தியானம்," என்றாள் அனுப்ரியா. "கரன்ட் போனது ராத்திரி. லேத் ஓடினது மத்தியானம். இவர் வெளிய நின்னு பொத்தானை அழுத்திக்கிட்டு இருந்தப்ப, உள்ள யாரோ மெதுவா ஓட்டிக்கிட்டு இருந்திருக்காங்க."

"அங்கிளுக்குக் கேட்டிருக்குமே?"

"இப்பக் கேட்டுச்சா? வாழ்நாள் பூரா தொழிற்சாலைச் சத்தத்துல இருந்த காது. இந்தக் கீச்சு அவருக்கு இல்லவே இல்லை."

"அண்டைக்கு மத்தியானம் டனிஸ்ரன் புவாண்ட்-கிளேரில வேலையில நிண்டவன். வினோஜா ஒபிசில." லக்ஷன் விரல் மடக்கினான். விரல் தீரும் முன்பே ஆட்கள் தீர்ந்துவிட்டார்கள். "வீட்டில நிண்டது..."

நேராகப் பின்சுவருக்குப் போய், ஒரு மஞ்சள் பொட்டை நகத்தால் சுரண்டி, முகர்ந்து, அனுப்ரியா தடுக்கும் முன் நாக்கில் வைத்தான்.

"டேய், சாட்சியத்தை நக்காத!"

"சந்தனம் இல்லை அக்கா." அவன் முகம் மிகுந்த மரியாதையோடு சுளித்தது. "தேங்காய்ப்பூ. திருவிப் பழுதாப்போன தேங்காய்."

தடய ஆய்வு இத்துடன் முடிவுற்றது.

பக்கக் கதவில் பூட்டு கிளுங்கியது.

இம்முறை எந்த மெஷினும் காப்பாற்றாது. சாவி சுழன்றது. கதவு ஒரு முழம் திறந்தது. வெளிச்சத்தோடு சிவநேசத்தின் முகம் உள்ளே வந்தது. நெற்றியில் திருநீறு, தோளில் கம்பளிச் சால்வை. அவர் அனுப்ரியாவைப் பார்த்தார். லக்ஷனைப் பார்த்தார். அவன் விரலில் இருந்ததைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். சுழன்றுகொண்டிருந்த வெறுந்தண்டைப் பார்த்தார்.

கத்தவில்லை. கதவை மெதுவாகச் சாத்தினார். பூட்டு மறுபடி விழுந்தது.

"இஞ்சேருங்கோ!" என்று வெளியே அவர் குரல் கேட்டது. "திறப்பு சிக்கிக்கொண்டு நிக்குது! குசினி லாச்சிக்குள்ள எண்ணெய்ப் போத்தல் கிடக்கும், தேடி எடுங்கோ!"

லக்ஷன் கேட்டான்: "அன்ரி எங்களைக் காப்பாத்துறாவோ, சிறை வைக்கிறாவோ?"

"ரெண்டும். அவங்களும் உள்ளதான்டா இருக்காங்க."

*

சற்றுக் கழித்துப் பூட்டு திறந்தது. சிவநேசம் உள்ளே வந்து, கதவைச் சாத்தி, அதில் சாய்ந்து நின்றார். யாரும் கேட்கவில்லை. அவரே தொடங்கினார்.

"தேங்காய் திருவுற மெஷின் அண்டைக்குக் காலமை எரிஞ்சு போச்சுது பிள்ளை. கோயிலுக்கு மோதகம், கடலை, எல்லாம் நான்தான் பொறுப்பெடுத்தது. கையால திருவி முடியுற தேங்காயே அது? இவர் சந்தைக்குப் போயிட்டார். வந்து பாத்தன். டனிஸ்ரன் குமிழைத் திருகிக் காட்டேக்க நானும் நிண்டு பாத்தனான். காஸ் அடுப்பைக் கூட்டிக் குறைக்கிற மாதிரித்தானே."

"துருவுற தலையைக் கழட்டி சக்ல மாட்டினீங்க," என்றாள் அனுப்ரியா.

"ஓம். முதல் தேங்காய் முழுக்க என்ர முகத்திலயும் சால்வையிலயும். மற்றப் பக்கம் சுத்த விட்டா அங்கால விழும் எண்டு சுவிட்சைத் தட்டிப்போட்டு, பின்னால ஒரு துணியை விரிச்சு..."

"ரெண்டாவது தேங்காயை அழுத்தினப்ப கழண்டுச்சு."

"இஞ்சை விழுந்தது." அவர் தன் பாதத்துக்குப் பக்கத்தில் காட்டினார். சிமெந்து பெயர்ந்த இடம், ஒரு சாணுக்கு அப்பால் இருந்தது. "ஓஃப் பண்ணிப்போட்டுத் தூக்கிப் பாத்தன். ஏலேல்லை. திருவலைத் தலையை மட்டும் கழட்டிக்கொண்டு போயிட்டன். காலமை இவருக்குச் சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். இவர் வந்து, டனிஸ்ரன்ர பிழை, தானா ஓடினது எண்டு கத்தத் தொடங்கிட்டார். எனக்கு வாய் வரேல்லை."

லக்ஷன் வழக்கத்துக்கு மாறாக மெதுவாகப் பேசினான். "சொல்லியிருந்தா என்ன அன்ரி? தேங்காய்தானே."

"போன வருசம் பூசை அண்டைக்குப் புஷ்பவதி தையல் மெஷினைத் தொட்டதெண்டு கோயில்ல எல்லாருக்கும் முன்னால வைச்சுக் கிழிச்சனான் தம்பி. அவ அழுதுகொண்டு போனவ. இப்ப நான் பொட்டு வைச்ச மெஷினில தேங்காய் திருவி, அதைச் சாமிக்குப் படைச்சு, அவவுக்கும் ரெண்டு மோதகம் குடுத்து அனுப்பியிருக்கிறன்." சால்வையை இழுத்து மூடிக்கொண்டார். "ருசியா இருந்ததெண்டு ஃபோன் எடுத்துச் சொன்னவ."

ஃபோன் நடுங்கியது. லக்ஷன் திரையைக் காட்டினான். ‘அப்பாவுக்கு எண்ணெய் கிடைக்கேல்லை. கோவத்தில வெளியில போறார். மண்டபத்து நம்பரைக் கையில வைச்சிருக்கிறார். அக்கா பிளீஸ்.’

"ஆன்ட்டி, நீங்க சொல்லலைன்னா நான் போய்ச் சொல்லணும்," என்றாள் அனுப்ரியா. "அப்புறம் டனிஸ்ரனுக்கு அட்டை போகாது. ஆனா உங்க பொண்ணு உங்க முகத்தைப் பார்க்க மாட்டா."

சிவநேசம் கதவுப் பிடியில் கை வைத்தார். கை அங்கேயே நிற்க, கண்ணீர் வழிந்தது. வெளியே காலடி. கீச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு பெண் அழும் இடத்தில் மெஷினை ஓட விடுவது மரியாதையில்லை என்று லக்ஷனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கையை நீட்டி, நல்ல பிள்ளையாக, லேத்தை நிறுத்தினான்.

வெளியே யோகேந்திரன் கடைசியாக ஒருமுறை பொத்தானை அழுத்தினார்.

கதவு சரளமாக, எந்த மனஸ்தாபமும் இல்லாமல், மேலே ஏறியது. வேனின் மூக்கு தெரிந்தது. அதன் பக்கத்தில், ஒரு கையில் ரிமோட்டும் மறுகையில் ஃபோனுமாக யோகேந்திரன் தெரிந்தார். அவருக்கு இவர்கள் மூவரும் வரிசையாகத் தெரிந்தார்கள்.

"நீங்கள் நேற்று ரோல்ஸ் சாப்பிட்ட பிள்ளையள் எல்லே?"

"ஓம் அங்கிள்," என்றான் லக்ஷன். "நல்லா இருந்தது."

"என்ர கராஜுக்குள்ள என்ன செய்யிறீங்கள்? நேசம், நீ என்ன செய்யிறாய்?"

"இஞ்சேருங்கோ." சிவநேசத்தின் குரல் உடைந்தது. "நான்தான்..."

"நீ ஒண்டும் கதையாதை!" என்று யோகேந்திரன் பாய்ந்தார். அவர் முகத்தில் இருந்தது கோபம் அல்ல. அனுப்ரியா அதைப் பார்த்தாள். இதுவரை அவள் கணக்கில் இல்லாத ஒன்று அந்த முகத்தில் இருந்தது.

அவள் குனிந்து, தரையில் கிடந்த சக்கைப் புரட்டினாள். இப்போது வெளிச்சம் நன்றாக விழுந்தது.

"அங்கிள், இந்த கராஜ்ல எல்லாத்து மேலயும் தூசி. இது மட்டும் எண்ணெய் போட்டுத் துடைச்சு வெச்சிருக்கு. உள்பல் வரைக்கும். ஒண்ணையும் தொடலைன்னு சொன்னீங்க."

யோகேந்திரன் வேனின் பொனட்டைப் பார்த்தார்.

"இதுல என்ன ஒட்டியிருந்துச்சு?"

எங்கோ ஒருவர் காய்ந்த இலைகளை ஊதிக்கொண்டிருந்தார்.

"தேங்காய்ப்பூ," என்றார் யோகேந்திரன். "பல்லுக்குள்ள எல்லாம் தேங்காய்ப்பூ."

"உங்களுக்குத் தெரியுமோ?" சிவநேசம் கேட்டார்.

"பாத்த உடனேயே தெரியும். வேற ஆர் இந்த வீட்டில லேத்தில தேங்காய் திருவுறது?"

"பிறகேன் பழியை அந்தப் பெடியனில போட்டனீங்கள்?"

"பெடியனில போடேல்லையடியப்பா, பெட்டியில போட்டனான். மெஷின் தானா ஓடினதெண்டால் ஒருத்தருக்கும் வெக்கமில்லையே. கோயில்ல ஒருத்தியும் உன்னைக் கேக்கமாட்டாள். அவன் சும்மா இருந்தானே? வந்து நிண்டு, என்ர வேலையில பிழையில்லை, ஆரோ தொட்டிருக்கினம் எண்டு நிறுவ வெளிக்கிட்டான். ஆரோ எண்டா, வீட்டில ஆர் இருந்தது? அவன் நிறுவ நிறுவ எனக்குச் சத்தம் கூடிப்போச்சுது. எழுத்து நிப்பாட்டுவன் எண்டன். முறைப்பாடு எண்டன். பேந்து இறங்க வழி தெரியேல்லை." ஃபோனைப் பார்த்தார். அதில் மண்டபத்தின் எண் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பிறகு பெயர்ந்த சிமெந்தைக் காட்டினார். "அது விழுந்த இடத்தைப் பாத்தனீயே? நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன். அந்தச் சனியனை வீட்டை விட்டு எடுத்தாப் போதும் எண்டிருந்தது எனக்கு."

இந்த வாரம் முழுக்க ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர், ஒரே தேங்காயை ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒளித்துக்கொண்டிருந்தார்கள். அனுப்ரியா ரிமோட்டைப் பையில் போட்டாள். துப்பறிய இனி ஒன்றும் இல்லை.

வினோஜா வாசலில் வந்து நின்றாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. கண் சிவந்திருந்ததைப் பார்த்தால் எல்லாம் கேட்டிருப்பாள். தன் ஃபோனில் ஒரு எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, வேனின் பொனட்டுக்கு மேலாகத் தாயிடம் நீட்டினாள்.

"அல்லோ, வினோ?" என்றது டனிஸ்ரனின் குரல். தூங்காத குரல். "மண்டபத்துக்கு எடுத்திட்டாரோ?"

சிவநேசம் ஃபோனைப் பார்த்தபடி நின்றார். கணவர் வாயைத் திறந்தார். சிவநேசம் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"தம்பி, நான் கதைக்கிறன். மெஷின் தானா ஓடேல்லை. நான்தான் ஓட்டினனான். தேங்காய் திருவினனான். ரிவேர்ஸில. சக் கழண்டு விழுந்தது. நீங்கள் பூட்டினதில ஒரு பிழையும் இல்லை. இவருக்கும் தெரியும். ரெண்டு பேரும் சேந்துதான் உங்களுக்குப் பழி போட்டனாங்கள்."

இணைப்பு போய்விட்டதோ என்று லக்ஷன் எட்டிப் பார்த்தான். போகவில்லை. நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. யோகேந்திரன் ரிமோட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"என்ன ஸ்பீடில விட்டனீங்கள்?" என்றான் டனிஸ்ரன்.

"முதல் ஆகக் குறைஞ்சதில. பேந்து கொஞ்சம் கூட்டினனான்."

"காலில படேல்லையோ?"

"இல்லைத் தம்பி."

ஒரு நீண்ட மூச்சு ஃபோனுக்குள் இரைந்தது. இத்தனை நாளும் அவரை அன்ரி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்:

"நாளைக்கு எழுத்து முடிஞ்சதும் வந்து அந்த ரிவேர்ஸைக் கழட்டி விடுறன், மாமி. அதுவரைக்கும் ஒருத்தரும் தொடாதேங்கோ."